மாஸ்டருக்கு ஒரு பாராட்டு விழா

மே 4, ஞாயிறு

உதைபந்தாட்டப் பருவத்தின் முதல் ஆட்டம். 4–1. தோல்வி.

மே மாதம் என்பது கலண்டரில் மட்டும்தான். ரொறன்ரோ மைதானத்தில் காற்று எலும்புக்குள் போனது. இரண்டு ஜக்கற் போட்டுக்கொண்டு, இடைவேளையில் பெடியள் தின்ன வெட்டிய தோடம்பழப் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தேன். கழகத்துக்குத் தலைவராகி இரண்டு வருடம். ஆனாலும் தோடம்பழம் வெட்டும் வேலை என்னை விட்டுப் போகவில்லை. தலைவர் ஆனதே அப்படித்தானே. அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் இரண்டு ஆம்பிளைகள் பதவிக்கு மல்லுக்கட்டினார்கள். ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப அன்ரனெற் அக்கா இருக்கட்டுமே, எல்லா மட்சுக்கும் வாறது அவ ஒராள்தான்" என்று பகிடிக்குச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் ஓம் என்றேன்.

இன்று தோற்றது ஆள் இல்லாமல் அல்ல. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பதினொரு பேர் விளையாட, ஏழு பேர் போர்வைக்குள் குந்தியிருந்தார்கள். எங்கள் லீக்கில் யாரையும் எத்தனை தடவையும் மாற்றலாம். எதிர் ரீம் மாற்றி மாற்றி இறக்கியது. எங்கள் ஜூலியஸ் மாஸ்டர் ஒருவனையும் மாற்றவில்லை. மாற்றமாட்டார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கோச். கால் முறிந்தாலொழிய ஒரு விளையாட்டுக்காரனை அவர் பாதியில் வெளியே கூப்பிட்டது கிடையாது. தூரத்து ஏஜக்ஸிலிருந்து கார் ஓடி வந்த பெடியன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி, கடைசியில் இறங்காமலே தானே அவிழ்த்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். றொனால்ட் கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை விக்கெற்றால தோத்தனீங்கள்?" கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிசனுக்கு இதே பகிடிதான்.

மே 7, புதன்

வேலையால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, திலக்சன் வாசலில். எங்கள் கப்டன். தேத்தண்ணி வேண்டாம் என்றான். அப்போதே தெரிந்தது, விஷயம் பெரிது.

"அன்ரி, ஸ்ட்ரெயிட்டா சொல்லுறன். போய்ஸ் ஆர் டன். மோர்னிங்சைட் ரீம் ஒண்டு எட்டுப் பேரைக் கூப்பிடுது. ஜூன் முப்பதுக்குள்ள மாறலாம்."

"மாஸ்டரோட கதைச்சனியோ?"

"கதைச்சன். ஒருத்தனை எல்லாற்ற கண்ணுக்கும் முன்னால வெளியில கூப்பிடுறது அவனைச் சபையில வைச்சு அடிக்கிற மாதிரியாம். இட்ஸ் ஜஸ்ற் அ சப், அன்ரி!"

அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். எட்டுப் பேர் போனால் மிச்சம் பத்துப் பேர். அதில் பாதிப் பேருக்கு முழங்காலில் பட்டி. ரீம் இறக்க முடியாமல் இரண்டு ஆட்டம் விட்டால் லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கரையொளி விளையாட்டுக் கழகம், ரொறன்ரோ – அவ்வளவுதான். என் கையில் மூடப்படும். பகிடிக்குத் தலைவராக்கியவர்களுக்கு நல்ல கதை கிடைக்கும்.

மாஸ்டர் போக வேண்டும். அல்லது கழகம் போகும்.

யார் சொல்வது?

மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். 2–2. ஒருவரையும் மாற்றவில்லை.

மே 14, புதன்

நிர்வாகக் கூட்டம். செயலாளர் பஸ்ரியனின் யூனியன்வில் வீட்டு பேஸ்மென்ற். அது எங்கள் பங்குக் கோயில் ஹோலைவிட விசாலம். ஐந்து பேர். விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாஸ்டரோடு யார் கதைப்பது என்றதும் எல்லோருக்கும் தட்டிலிருந்த ரோல்ஸில் கண் போய்விட்டது. குற்றம் சொல்லவும் முடியாது. மூன்று பேர் அவரிடம் விளையாடியவர்கள். ஒருவனுக்குக் கல்யாணம் பேசி முடித்து வைத்ததே அவர்.

பஸ்ரியன்தான் வழி கண்டுபிடித்தான். "நேர சொன்னா மனிசன் உடைஞ்சு போயிடும் அக்கா. ஒரு பாராட்டு விழா வைப்பம். பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசிச்சுக் குடுத்து, இண்டையிலயிருந்து இவர் கழகத்தின்ர போஷகர் எண்டு அறிவிப்பம். அவருக்கு விளங்கும்."

விளங்காமல் என்ன. எங்கள் ஆட்கள் யாரையும் போ என்று சொல்வதில்லை. பொன்னாடை போர்த்துவார்கள். எனக்கு முந்திய தலைவரை அப்படித்தான் அனுப்பினோம். அவருக்கு முந்தியவரையும் அப்படித்தான். போஷகர் ஆனவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், வந்தாலும் வடை சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த இரண்டு பேருக்கும் தன் கையால் பொன்னாடை போர்த்தியதே மாஸ்டர்தான். அவருக்கா விளங்காது?

கை தூக்கச் சொன்னான். நானும் தூக்கினேன். உண்மையைச் சொன்னால் பெரிய நிம்மதி. என் வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

மே 24, சனி

வாழ்த்துமடலைப் பஸ்ரியன் அனுப்பியிருக்கிறான். "உதைபந்தாட்ட உலகின் உதயசூரியனே" என்று தொடங்குகிறது. இரண்டாம் பிரிவில் கடைசிக்கு முந்திய இடத்தில் இருக்கும் கழகத்துக்கு இது கொஞ்சம் கூட என்று எழுதி அனுப்பினேன். ஒரு சிரிப்புப் படம் பதிலாக வந்தது.

மே 31, சனி

விழா முடிந்தது. என்னத்தைச் சொல்ல.

ஹோல் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். மொன்றியலிலிருந்துகூடப் பழைய விளையாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், எல்லாம். பிறகு பேச்சு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தது. மைக்கைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு மணிக்கூடு தெரியாது. பேசியவர்கள் மனதிலிருந்து பேசினார்கள், அதுதான் வந்த வினை. வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில் தனக்கு சப்பாத்து வாங்கித் தந்தவர் மாஸ்டர் என்று ஒருவன் சொல்லி அழுதான். திலக்சனே கண்ணைத் துடைத்தான். உதயசூரியனையும் வாசித்தார்கள். பஸ்ரியன் உணர்ச்சிவசப்பட்டு, "மாஸ்டர் இல்லாமல் கரையொளி இல்லை!" என்று கத்தினான். டேய், அதுதானே இங்கே பிரச்சினை!

நானும் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். பொன்னாடைக்கு மேல் பொன்னாடை விழுந்து மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. போஷகர் என்று அறிவித்தோம். மக்டலீன் அக்கா – அவருடைய மனைவி – முன்வரிசையில் போன வருட ஈஸ்டர் சேலையோடு இருந்து சிரித்தா.

பிறகு ஏற்புரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுபத்தொரு வயசாகுது. இனி இந்தக் கிழவன் ஒருத்தருக்கும் தேவைப்படானோ எண்டு கொஞ்ச நாளா யோசிச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்கு எனக்கு விளங்கிச்சுது. இவ்வளவு பேர் கேக்கேக்க நான் எப்பிடிப் போறது? போஷகரும் நான்தான், கோச்சும் நான்தான். எண்பது மட்டும் இந்த லைனை விட்டு அசையமாட்டன்!"

ஹோல் அதிர்ந்தது. எழுந்து நின்று தட்டினார்கள். விஷயம் தெரியாதவர்கள் சந்தோஷத்தில் தட்டினார்கள். நாங்கள் ஐந்து பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினோம். பஸ்ரியன் பக்கத்தில் வந்து, "அக்கா, இப்ப என்ன செய்யிறது?" என்றான்.

"கை தட்டு" என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

மாஸ்டர் எல்லோருக்கும் முதல் மைதானத்தில். புதுத் தொப்பி. 3–0 தோல்வி. ஒருவரையும் மாற்றவில்லை.

ஜூன் 4, புதன்

திலக்சன் ரெக்ஸ்ற் பண்ணியிருக்கிறான். "அன்ரி, வட் வாஸ் தற்?" எனக்கே தெரியாததை அவனுக்கு என்ன எழுதுவது. பதில் போடவில்லை.

ஜூன் 12, வியாழன்

நிர்வாகத்தில் மற்ற நாலு பேருக்கும் போன் எடுத்தேன். நாலு பேரும் ஒரே பாட்டு – கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம். பஸ்ரியன் அதற்கும் ஒரு படி மேலே. "சீசன் முடிய இன்னொரு கௌரவிப்பு வைப்பம் அக்கா. இந்த முறை விருதும் குடுத்தால்…"

எனக்கு விசர் வந்திட்டுது. இன்னொரு விழாவோ? இன்னும் பத்துப் பொன்னாடை போர்த்தினால் அந்த மனிசன் நூறு வயசு மட்டும் நிப்பார்! போனை வைச்சிட்டன்.

ஆனால் அவனில் ஏன் பாய்கிறேன்? கை தூக்கியவள்தானே நானும்.

ஜூன் 15, ஞாயிறு

தோல்வி. ஸ்கோர் எழுத மனமில்லை. முடிந்ததும் பெடியள் மாஸ்டரோடு கை குலுக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் காருக்குப் போனார்கள். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகப் போகிறார்கள்.

அவருக்கும் அது தெரிகிறதா? கோல் கம்பத்து வலையைத் தனியே மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். "இந்த வருசப் பெடியளுக்கு மூச்சுக் காணாது பிள்ளை" என்றார். ஏழு பேருக்கு மூச்சு நிறைய இருந்தது, மாஸ்டர். சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

றொனால்ட் சொன்ன ஒரு உருப்படியான வார்த்தை: "நாளைக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வாவன். நீ இரவில புரண்டு உழத்துறதில எனக்கும் நித்திரை இல்லை."

ஜூன் 19, வியாழன்

போனேன்.

வெக்ஸ்போர்ட்டில் ஒன்பதாம் மாடி. மக்டலீன் அக்கா கதவைத் திறந்து, "வா வா, தலைவர் வாறா" என்றா. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது வாழ்த்துமடல். கண்ணாடிச் சட்டத்தோடு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். அப்படியே திரும்பி லிஃப்டுக்கு ஓடலாமா என்றிருந்தது.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ரீமைப் பற்றித் தொடங்கினார். இடையில் நிறுத்தாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை கீதன் பாக்கட்டும். நீங்கள் கோச்சை விடோணும்."

கீதனை அவருக்குத் தெரியும். முன்பு எங்களுக்கு விளையாடியவன், இப்போது பள்ளிக்கூடமொன்றில் பழக்குகிறான். மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை. நான்தானே தலைவர்."

பெடியளைப் பற்றி, ஜூன் முப்பதைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப அண்டைக்கு விழா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அது உங்களைப் போகச் சொல்லத்தான் வைச்சனாங்கள், மாஸ்டர். உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சிட்டம்."

குசினியில் தண்ணீர்க் குழாய் நின்றது. மக்டலீன் அக்காவுக்கும் கேட்டிருக்கிறது.

"அது தலைவர்மாருக்குச் செய்யிறது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "நானே ரெண்டு பேருக்குப் போர்த்தினனான். கோச்சுக்கு ஆர் செய்தது? நான் நினைச்சன், கடைசியா எனக்கும் ஒருக்காச் செய்யினமாக்கும் எண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உதில எழுதியிருக்கிறது?" சுவரிலிருந்த வாழ்த்துமடலைக் காட்டினார்.

"எல்லாம் உண்மை."

"அப்ப ஏன் போகச் சொல்லுறியள்?"

"அதுவும் உண்மை மாஸ்டர்."

"ஹோல் முழுக்கக் கை தட்டிச்சுது. அதில எத்தினை பேருக்குத் தெரியும்?"

"அஞ்சு பேருக்கு."

"நீயும் தட்டினனி."

"தட்டினனான்."

பிறகு சொன்னார். "இவ்வளவு வருசத்தில ஒரு பெடியனையும் நான் ஆட்டத்தின்ர பாதியில வெளியில கூப்பிட்டதில்லை. அவனவன்ர தாய் தேப்பன், பெண்சாதி எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம். நீ என்னைப் பாதி சீசனில கூப்பிடுறாய்."

அவர் சொன்னது சரி. ஆனால் வந்த வேலையைப் பாதியில் விட்டால் இரண்டு பேருக்கும் கெட்டது.

"ஓம் மாஸ்டர். கூப்பிடுறன்."

எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை, சாத்தினார். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

மக்டலீன் அக்கா தேத்தண்ணியோடு வந்தா. "குடிச்சிட்டுப் போ. சீனி போட்டிட்டன்." நின்றபடியே குடித்தேன். லிஃப்டில் அழுகை வந்துவிட்டது. நாயோடு ஏறிய ஒரு சீனத்து அம்மா ஒன்றும் கேட்காமல் ரிஷ்யூ நீட்டினா.

ஜூன் 20, வெள்ளி

வேலையில் சூப்புக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கீதனின் முதல் ஆட்டம். 2–1 தோல்விதான். ஆனால் வந்த எல்லோரும் விளையாடினார்கள்.

முதலில் வெளியே கூப்பிட்டது அன்ட்ரூவை. பின்வரிசையில் பழம் தின்று கொட்டை போட்டவன், முப்பத்தெட்டு வயது. தன் சட்டை இலக்கத்தைக் கேட்டதும் அப்படியே நின்றான். தன்னைத்தானா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டான். ஏதோ பிழை செய்து அதிபரிடம் போகும் பிள்ளைபோல் மெல்ல மெல்ல வந்தான். அவனுடைய மனைவி நிரோஷினி கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். மாஸ்டர் சொன்னதை நேரே பார்க்கிற மாதிரி இருந்தது.

வந்து குந்தினான். தண்ணி குடித்தான். "சத்தியமா அன்ரி, இப்பதான் மூச்சு வருது" என்றான். கால்மணி கழித்துத் திரும்பவும் இறங்கினான்.

மாஸ்டர் நிற்கும் இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. சொல்லி வைத்ததில்லை. கீதன்கூட இரண்டடி தள்ளித்தான் நின்றான்.

ஜூன் 30, திங்கள்

இரண்டு பேர் மோர்னிங்சைட்டுக்குப் போய்விட்டார்கள். ஆறு பேர் நின்றுவிட்டார்கள், திலக்சனும். "வீ ஆர் குட், அன்ரி" என்று எழுதியிருக்கிறான். கழகம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். முழுதாக இல்லை.

ஜூலை 9, புதன்

மாஸ்டரை "நீக்கியது" யார் என்று ஊர்ச்சங்க வட்ஸ்அப்பில் பெரிய விவாதம். "பொம்பிளையைத் தலைவராக்கினா இப்பிடித்தான்" என்று அமிர்தநாதர் அங்கிள் எழுதியிருக்கிறார். அவர் கடைசியாக எங்கள் ஆட்டம் பார்த்தபோது திலக்சன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். பதில் எழுதி, வாசித்து, அழித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் வெற்றி! 2–0. பெடியள் என்மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளும் அவரைத்தான் தேடினேன்.

ஆகஸ்ட் 16, சனி

தமிழ்க்கடையில் மக்டலீன் அக்கா. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தா. ஒளிக்க இடமில்லை.

"எப்பிடி இருக்கிறார், அக்கா?"

"ஞாயிறில இப்ப என்னோட கடைக்கு வாறார். வண்டிலை எந்தப் பக்கத்தால தள்ளோணும் எண்டு எனக்குப் பழக்குறார்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கேட்டேன், இன்னும் என்னோடு கோபமா என்று.

"இல்லை எண்டு சொல்லேலாது. அந்த வாழ்த்துமடலைக் கழட்டி கட்டிலுக்குக் கீழ வைச்சார். நான் திருப்பி மாட்டினன். இப்ப ரெண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை." என் கூடைக்குள் இரண்டு முருங்கைக்காயைப் போட்டா. "நீ வந்து சொன்னது நல்லது. மற்ற நாலு பேரும் இன்னும் வாசல் பக்கம் வரேல்லை."



ஆகஸ்ட் 31, ஞாயிறு

2–2. கடைசி ஆட்டத்தில் தோற்காவிட்டால் கீழே இறங்காமல் இரண்டாம் பிரிவிலேயே நிற்போம். பஸ்ரியனுக்கு உற்சாகம். நின்றுவிட்டால் கீதனுக்கு ஒரு சின்னக் கௌரவிப்பு வைப்போமா என்று கேட்டான்.

"அந்தப் பெடியனைப் பயப்பிடுத்தாத" என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடைசி ஆட்டம். 1–1. நின்றுவிட்டோம்.

கடைசிக்கு முந்திய நிமிடத்தில் அவர்கள் அடித்த பந்து எங்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விசில் ஊதியதும் பெடியள் புல்லில் விழுந்து கிடந்தார்கள். கீதன் அழுதான். பஸ்ரியன் மைக் இல்லாமலே பேசினான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இருக்க, போன். மாஸ்டரின் இலக்கம். ஜூனுக்குப் பிறகு இன்றுதான்.

"பிள்ளை."

"மாஸ்டர்."

"நாலு பேர் போன் எடுத்து ஸ்கோர் சொல்லிட்டினம். நீ எடுக்கேல்லை."

"நீங்கள் என்னோட கதைப்பியளோ எண்டு தெரியேல்லை, மாஸ்டர்."

"கதைச்சிருக்கமாட்டன். எண்டாலும் நீ எடுத்திருக்கோணும்."

"ஓம் மாஸ்டர்."

"சரி. இப்ப சொல்லு. முதலில இருந்து சொல்லு."

சொன்னேன். றொனால்ட் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட்டார்.